பாட்டிக்குக் கொடுத்த இரண்டு கிலோ சீனி

2013 கிறிஸ்துமஸுக்கு, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து ஒரு பாட்டிக்குப் பரிசுக்கூடை கொண்டுபோய்க் கொடுத்தோம். பத்து கிலோ அரிசி, இரண்டு கிலோ சீனி, கெட்டிப்பால் இரண்டு டின், மைலோ ஒரு பாக்கெட், கிரீம் பிஸ்கட், ஆரஞ்சு கோர்டியல் ஒரு போத்தல், மேலே சிவப்பு ரிப்பன். செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு. பாட்டி தனி ஆள். கூடையை முருகன் படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னார், "நல்லா இருங்க பாப்பா" என்றார், எங்களோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் சபை அறிவிப்புப் பலகையில் மார்ச் மாதம் வரை தொங்கியது.

ஜனவரியில் என் கணவருக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்குப் போயிருந்தேன். வரிசையில் பாட்டி உட்கார்ந்திருந்தார். வலது காலில் கட்டு. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) பதினைந்து வருடமாக இருக்கிறதாம். ஒரு கால்விரலை முந்தைய வருடமே எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கூடை கண்ணில் வந்து நின்றது.

"பாட்டி, அந்தச் சீனிய என்ன பண்ணீங்க?"

"பக்கத்து வூட்டு பங்களாதேஷ் பையனுங்களுக்குக் குடுத்துட்டேன். அரிசியயும் அவனுங்கதான் தூக்கி உள்ள வெச்சானுங்க. எனக்கெங்க தூக்க முடியுது? நல்ல புள்ளைங்க."

வருத்தமோ கிண்டலோ அவர் பேச்சில் இல்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. இன்னொன்றும் சொன்னார். கிளினிக்கில் கட்ட வேண்டியது ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்). ஆனால் தோட்டத்திலிருந்து அங்கே வந்து திரும்ப வாடகைக் காருக்கு முப்பது வெள்ளி கேட்கிறார்கள். அதனால் இரண்டு தவணைக்கு ஒருமுறைதான் வருவாராம். நாங்கள் கொடுத்த கூடையின் விலை எனக்குத் தெரியும், பில்லை நான்தான் ஒட்டி வைத்திருந்தேன். அந்தக் காசில் பாட்டியை மூன்று முறை கிளினிக்குக் கூட்டிப் போயிருக்கலாம்.

நான் இரும்புக்கடையில் கணக்கு எழுதிப் பழகியவள். சபையில் சேவைக் குழுவுக்குச் செயலாளர் வேலை என் தலையில் விழுந்ததும் அதனால்தான். குளுவாங் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டு ஊர் எங்களுடையது. ஒரு கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு சீனப்பள்ளி, மாரியம்மன் கோயில், மசூதி, எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபை (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு). சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. மலேசியாவில் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் பெரும்பாலானவை சீன மொழிச் சபைகள். தென்சீனத்தில் சுவாதோ, அமோய் பக்கம் ஆங்கிலேய பிரஸ்பிட்டேரியன் மிஷன் வேலை செய்தது. அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களில் பலர் அந்த விசுவாசத்தையும் மூட்டையோடு கொண்டு வந்தார்கள். எங்கள் கட்டடமும் சீனச் சபையுடையதுதான். காலையில் அவர்கள் ஆராதனை, பிற்பகலில் தமிழ் ஆராதனை. நாங்கள் அறுபது பேர் வந்தாலே அதிகம்.

இங்கே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இவ்வளவு ஓடுகிறோமே, எங்கள் சபை மரபின் தாய்வீடான ஸ்காட்லாந்தில் பல தலைமுறைகளுக்குக் கிறிஸ்துமஸே கிடையாது. வேதத்தில் கட்டளை இல்லாத பண்டிகை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1640-இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையையே ரத்து செய்தது. டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறை ஆனது 1958-இல்தான். என் அப்பா பால் வெட்டிய தோட்டத்தில் இருந்த ஸ்காட்லாந்துத் துரை கிறிஸ்துமஸைவிடப் புது வருடத்துக்குத்தான் ஆடுவார் என்று அம்மா சொல்வார். காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. செலவு அதிகமாகிறது என்று யாராவது முணுமுணுத்தால் எங்கள் மூப்பர் ஒருவர் இந்தக் கதையை எடுத்து விடுவார். "வேணும்னா பழைய முறைக்கே போயிடலாமா?" என்பார். முணுமுணுப்பு நின்றுவிடும்.

சரி, பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடக் குழுக் கூட்டத்தில் சீனி கதையை அப்படியே சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. "நாம நல்ல மனசோடதானே குடுத்தோம்" என்றார் ஒருவர். மனசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, கணக்கைப் பற்றித்தான் சொன்னேன். கடைசியில் போதகர் ஒரு யோசனை சொன்னார்: கொடுப்பதற்கு முன் நவம்பரில் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். கையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம்.

கேட்பதற்கு எளிது, செய்வது எளிதாக இல்லை. முதல் வருடம் தாளில் கேள்விகளை அச்சடித்துக்கொண்டு போனோம். தாளைக் கண்டதும் எல்லாரும் சமூகநல இலாகாவிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, இருக்கும் கஷ்டத்தை இரண்டு மடங்காகச் சொன்னார்கள், சிலர் ஒன்றுமே இல்லை என்றார்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் நம் ஆட்கள் "ஒன்னும் வேணாம்மா, கடவுள் பார்த்துக்குவார்" என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. "வீட்டுல எது உடைஞ்சு கெடக்கு?" என்று கேளுங்கள், வரிசையாக வரும். "காலைல என்ன பசியாறுனீங்க?" என்று கேளுங்கள், வீட்டு நிலைமை தெரிந்துவிடும். "அடுத்த கிளினிக் தேதி எப்போ?" என்றால் அட்டையையே எடுத்துக் காட்டுவார்கள், என்ன நோய், எத்தனை தேதி தவறியது எல்லாம் அதில் இருக்கும். தாளை வீட்டில் வைத்துவிட்டு, திரும்பி வந்து வேனில் உட்கார்ந்துதான் இப்போது எழுதுகிறோம்.

அப்படிக் கேட்டதில் வந்தவற்றைப் பாருங்கள். குளியலறையில் எரியாத பல்பு. எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாய் வெடித்துப்போய் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. கூரைத் தகரத்தில் ஓட்டை. கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்து நூலால் கட்டியிருந்தது. சமூகநல இலாகாவின் மூத்தோர் உதவித்தொகைக்குப் பாரம் நிரப்ப ஆள் இல்லை, நிரப்பினாலும் வங்கிக் கணக்கு இல்லை. ஒரு தாத்தாவுக்கு இன்னும் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அட்டை. இந்த மண்ணில் பிறந்தவர்தான், பிறப்புப் பத்திரம் இல்லை. இதில் கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒரு பரிசுக்கூடையின் விலையைவிடக் குறைந்த செலவு. தாத்தாவின் அட்டைக்கு மட்டும் பதிவு இலாகாவுக்கு எத்தனை நடை நடந்தோம் என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அதைக் கிறிஸ்துமஸ் கணக்கில் எழுதவும் முடியாது. வருடம் முழுதும் இழுக்கிற வேலை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ரிப்பன் கட்டிய கூடை படத்தில் அழகாக வரும். நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டுகிற ஆளின் படத்தை யார் அறிவிப்புப் பலகையில் போடுவது? காணிக்கை கொடுத்தவர்கள் படம் கேட்பார்கள், அதுவும் நியாயம்தான். நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம்: வாங்குகிறவரின் முகம் படத்தில் வரக்கூடாது. பில், மாற்றிய குழாய், ஒட்டிய தகரம், இவற்றைப் படம் பிடித்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுகிறோம். முதல் வருடம் காணிக்கை கொஞ்சம் குறைந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வருடம் சரியாகிவிட்டது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகர் நினைத்த மாத்திரத்தில் எதுவும் நடக்காது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள் கூடி உட்கார்ந்து ஒப்புதல் தர வேண்டும். எங்களுக்கோ இரண்டு மொழி மூப்பர்கள். கூட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி நடக்கும், இடையில் யாராவது மாண்டரினுக்குப் போய்விடுவார்கள், நாங்கள் தமிழில் குசுகுசுத்துக்கொள்வோம். ஆகவே டிசம்பர் செலவுத் திட்டத்தை ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். நவம்பரில் கொடுத்தால் ஒப்புதல் ஈஸ்டருக்குத்தான் வரும். நான் பட்டுச் சொல்கிறேன்.

கேரல் பவனி பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சிறுமியாக இருந்தபோது பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு, கஞ்சிராவும் தாளமும் தட்டிக்கொண்டு, லயம் லயமாகப் போவார்கள். தோட்டத்து ஜெனரேட்டரை இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள், அதற்கப்புறம் விளக்கு வெளிச்சமே துணை. இந்துக் குடும்பங்களும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். தீபாவளி முறுக்கில் மிச்சம் வைத்ததை எங்களுக்கு நீட்டுவார்கள். அப்போது ஒரு தோட்டத்தில் பாடி முடிக்கவே ஓர் இரவு போதாது. இப்போது அதே லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் ஜோகூர் பாருவுக்கும் போய்விட்டார்கள். லயத்தில் இந்தோனேசியரும் பங்களாதேஷ்காரரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள்.

அதனால் பவனியின் முறையும் மாறியது. எந்த வீட்டுக்கும் சொல்லாமல் போவதில்லை. ஒரு வாரம் முன்பே கூப்பிட்டுக் கேட்டு, "வாங்க" என்று சொன்ன வீடுகளுக்கு மட்டும் போகிறோம். தோட்ட மேனேஜருக்கு ஒரு கடிதம், போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு நகல். வண்டி எண்களைக் காவல் கொட்டகையில் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பாட வேண்டியதுதான், ஒரு வருடம் அப்படித்தான் நின்றோம். செம்பனைக் காட்டில் பாம்பு உண்டு. எலி இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கும். பட்டுப்புடவைக்கு என்ன செருப்பு என்று யோசிக்காதீர்கள், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு டார்ச்லைட் வேண்டும். இஸ்லாமியத் தொழிலாளர்கள் கூட்டாகத் தங்கும் கொங்சிக் கொட்டகைப் பக்கம் ஒலிபெருக்கியைத் திருப்புவதில்லை. வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், பத்து நிமிடம். இரவு பத்தரைக்குக் கடைசி வீடு.

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அந்த உடை பனிநாட்டுக்குத் தைத்தது. பஞ்சு தாடி, வெல்வெட் சட்டை, வயிற்றில் தலையணை. எங்கள் இளைஞர் ஒருவர் ஏழாவது வீட்டு வாசலில் ஆடிக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் அதுவும் நாடகம் என்று கை தட்டினார்கள். இப்போது இரண்டு தாத்தாக்கள், மூன்று வீட்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றம். முறை வராத தாத்தா தண்ணீர்ப் போத்தலோடு வேனில் இருப்பார்.

சாப்பாடும் ஒரு பிரச்சினைதான். பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டு கேக், பன்னிரண்டு தேத்தண்ணீர். வேண்டாம் என்றால் மனம் நோகும், சாப்பிட்டால் பாட முடியாது. அதனால் ஒரே வீட்டில் மட்டும் இரவுச் சாப்பாடு என்று வைத்தோம். மற்ற வீடுகளில் அச்சு முறுக்கு, கேக் எதுவானாலும் டப்பாவில் வாங்கிக்கொள்கிறோம். கடைசியில் அந்த டப்பாக்கள் தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் போகின்றன. இனிப்பு நீர் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

2015-இல் மாவட்ட மருத்துவமனையோடு பேசி இரத்ததான முகாம் வைத்தோம். பண்டிகைக் காலத்தில் இரத்தம் தேவைப்படும், நல்ல எண்ணம்தான். ஆனால் தேதியைப் பார்க்காமல் கேரல் பவனிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டேன். முந்தின இரவு ஐந்து மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும் என்பது விதி. இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பிய எங்கள் பாடகர் குழு கொட்டாவி விட்டபடி வரிசையில் நின்றது. நர்ஸ் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பினார். எடை 45 கிலோவுக்குக் குறைவு என்று நான்கு பெண்பிள்ளைகளும் போனார்கள். அன்று சபையின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் கடைத்தெருவிலிருந்து வந்த சீன வியாபாரிகளும், முந்தின இரவு நன்றாகத் தூங்கிய மாரியம்மன் கோயில் இளைஞர்களும்தான். முகாமை இப்போது டிசம்பர் முதல் வாரத்தில் வைக்கிறோம்.

பண்டிகைக்கு எல்லா இனத்தாரையும் அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு சபை மண்டபத்தில் நடக்கும். சீனச் சபையினர் வாட்டிய பன்றி இறைச்சி இல்லாமல் பண்டிகையா என்பார்கள். எங்கள் இந்து அண்டை வீட்டார் மாடு சாப்பிடமாட்டார்கள், சிலர் அன்று சைவம். மலாய்க்கார அண்ணன்மார் ஹலால் இல்லாவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்கத் தயங்குவார்கள். முதல் சில வருடம் ஒரே மேசையில் "இது அது, அது இது" என்று சீட்டு ஒட்டி வைத்தோம். சீட்டு விழுந்துவிட்டால் போச்சு. அப்புறம் சீனச் சபை ஆன்ட்டி ஒருவர்தான் வழி சொன்னார்: பொதுமக்கள் வரும் மதிய விருந்து முழுவதையும் கடைத்தெருவில் இருக்கும் மலாய்க்கார சமையல்காரரிடமே கொடுத்துவிடுவோம், அவர் பாத்திரம், அவர் கரண்டி, அவர் ஆட்கள். சைவ மேசை எங்கள் தமிழ் அக்காமார் பொறுப்பு. பன்றி இறைச்சி விருந்து சபையாருக்கு மட்டும் வேறு நாளில், வேறு பாத்திரத்தில். அந்த ஆன்ட்டிக்கு வறுத்த பன்றி என்றால் உயிர், அவர் வாயாலேயே அது வந்ததால் எதிர்ப்பு எழவில்லை.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் ஜோகூர் டிசம்பரைச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை நம் பண்டிகையோடு சேர்ந்தே வருகிறது. பால் மரம் வெட்டிய காலத்தில் மழை என்றால் அன்று வேலை இல்லை, வேலை இல்லை என்றால் கூலி இல்லை. மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து போய்விடும். டிசம்பரில் எங்கள் வீட்டில் புதுத்துணி வராததற்குக் காரணம் அப்பாவின் கஞ்சத்தனம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

2006 டிசம்பர் மூன்றாம் வாரம் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. சிகாமட், கோத்தா திங்கி, குளுவாங், பத்து பகாட் என்று மாநிலமே தண்ணீரில் நின்றது. வடிந்து மூச்சு விடுவதற்குள் ஜனவரியில் இரண்டாவது முறை வந்தது. எங்கள் சபை மேட்டில் இருப்பதால் தப்பியது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் தைத்த மேய்ப்பர் உடைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சமையலில் இறங்கினோம். பள்ளி மண்டபத்தில் இருந்த நிவாரண மையத்துக்கு முந்நூறு பொட்டலம் தேங்காய்ப்பால் சாதம். காலை ஆறு மணிக்கு வடித்தது, தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர மதியம் ஆனது. பொட்டலத்தைப் பிரித்தால் புளித்த வாடை. அத்தனையும் குப்பைக்குப் போனது. என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. கட்டுச்சோறு என்றால் நம் பாட்டிமார் ஏன் புளிச்சாதம் கட்டினார்கள் என்று அன்றுதான் யோசித்தேன். அதைவிடப் பெரிய தவறு, மையத்தில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இஸ்லாமியர்கள். சபைச் சமையலறையில் செய்ததை அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? மையத்தின் பொறுப்பாளரிடம் ஒரு போன் போட்டிருந்தால் என்ன வேண்டும் என்று அவரே சொல்லியிருப்பார். மறுநாள் போட்டோம். குழந்தை நேப்கின், பெரியவர்களுக்கான நேப்கின், பெண்களுக்கான பேட், கொசுவர்த்தி, ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட், போத்தல் தண்ணீர். சாப்பாடு அவர்களிடம் தேவைக்கு மேல் இருந்தது.

பழைய துணியும் அப்படித்தான். வெள்ளம் என்றதும் ஊர் முழுக்க அலமாரியைக் காலி செய்து சபை வாசலில் கொட்டிவிட்டது. கல்யாணக் கோட்டு, ஒற்றைக் காலுறை, கிழிந்த உள்பாடிகூட வந்தது. அதைப் பிரித்து அடுக்க மூன்று நாள் ஆள்பலம் போனது. கடைசியில் பாதியைக் குப்பை லோரிக்கு நாங்களே காசு கொடுத்து ஏற்றினோம். இப்போது துணி வாங்குவதில்லை என்று வாசலிலேயே எழுதிப் போட்டுவிடுகிறோம். புதிய கைலி, புதிய உள்ளாடை, புதிய துண்டு மட்டும் விதிவிலக்கு.

உண்மையான வேலை தண்ணீர் வடிந்த பிறகு இருக்கிறது. 2023 மார்ச் வெள்ளத்தின்போது அதை ஒழுங்காகச் செய்தோம் என்று சொல்லலாம். சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். இரண்டு நாள் காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். தண்ணீர் இறங்க இறங்க, பின்னாலேயே துடைப்பமும் மண்வெட்டியும் ரப்பர் தள்ளுகட்டையும் போக வேண்டும். எங்கள் சபையில் அழுத்தத் தண்ணீர் இயந்திரம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம், கூடை வாங்கிய பணத்தில் மிச்சம் பிடித்தது. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் ஆளைக் கொன்றுவிடும், ஆகவே பூட்ஸும் கையுறையும் இல்லாமல் யாரையும் இறங்க விடுவதில்லை, காலில் புண் இருந்தால் கரையில் நின்று தேத்தண்ணீர் போடட்டும். மின்சாரத்தை ஆள் வந்து பார்க்கும் வரை சுவிட்சைத் தொடக் கூடாது. நாலு பேர் கொண்ட குழு ஒரு நாளைக்கு இரண்டு வீடு முடிக்கலாம், அதற்கு மேல் எழுதி வைக்காதீர்கள்.

அந்த வேலையின்போது ஒரு விவாதம் வந்தது. உதவிப் பைக்குள் வசன அட்டை வைக்கலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல பையன், ஆர்வம். இஸ்லாமியரிடம் பிற மதப் பிரச்சாரம் செய்வதை மாநிலச் சட்டம் தடுக்க அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு இடம் தருகிறது, அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் மூப்பர் சட்டத்தை எடுக்கவில்லை. "தம்பி, உங்க வீட்டுல தண்ணி நிக்கிறப்போ யாராவது அரிசியோட சேர்த்து நோட்டீஸ் நீட்டுனா என்ன நெனப்பே?" என்று கேட்டார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அரிசிய வாங்கிக்குவேன்" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டோம். பையில் அட்டை வைக்கவில்லை. என் சொந்தக் கருத்து, இந்துவோ கிறிஸ்தவரோ யாருடைய பையாக இருந்தாலும் வைக்கக் கூடாது. இதில் எங்கள் குழுவில் இன்னும் எல்லாரும் ஒத்துப்போவதில்லை.

பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான் கொடுப்பது எங்களுக்கு எப்போதும் எளிதாக வந்தது, ஒரு காலம் வரை. டிசம்பர் விடுமுறை, ஜனவரியில் பள்ளி, நடுவில் கிறிஸ்துமஸ். பை, சீருடை, காலணி. ஒரு வருடம் மலிவாகக் கிடைத்தது என்று வெள்ளைக் காலணிகளை மொத்தமாக வாங்கி வைத்தோம். பள்ளிகள் கறுப்புக் காலணிக்கு மாறிவிட்டன, எங்கள் பெட்டிகள் அப்படியே கிடந்தன. அளவு எடுக்க ஒரு வழி: பிள்ளையின் காலைப் பழைய பேப்பரில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி, பெயர் எழுதி எடுத்துப் போங்கள். அம்மாக்கள் சொல்லும் நம்பர் போன வருடத்து நம்பர். ஒரு விரல் இடம் விட்டு வாங்க வேண்டும். 2022-இல் பள்ளித் தவணை மார்ச்சுக்குப் போனதும் இந்தத் திட்டம் தடுமாறியது. டிசம்பரில் கொடுத்த காலணி மார்ச்சில் கடித்தது. 2026-இல் பள்ளி ஜனவரிக்கே திரும்பியதில் எங்களைவிட யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதேபோல வார விடுமுறையும். ஜோகூரில் 2014 முதல் 2024 முடிய வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், அதனால் எங்கள் ஞாயிறுப் பள்ளி வெள்ளிக்கிழமை நடந்தது. அதை வெளிமாநிலத்தாரிடம் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பவனியின் கடைசி வீடு சீனிப் பாட்டியுடையது. எங்களுக்குள் அவருக்கு அதுதான் பெயர். கிளினிக்குக்கு இப்போது சபை வேன் போகிறது, மாதத் தேதிகள் என் போனில் இருக்கின்றன. ஆனாலும் இன்னொரு விரலும் போய்விட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கஞ்சிரா அடித்த தம்பியைக் கூப்பிட்டார்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் பரவால்ல, தாளம் ஓடல."

தம்பிக்கு முகமெல்லாம் பல். பாட்டி என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நவம்பர்ல வந்தப்போ சொல்ல மறந்துட்டேன். அந்தக் குளியலறை பல்பு திரும்பவும் போயிடுச்சு."

வேனில் உபரி பல்பு இரண்டு எப்போதும் இருக்கும். கிறிஸ்துமஸ் தாத்தாதான் நாற்காலியில் ஏறினார், உயரமான ஆள் அவர்தான். தாடியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு ஏறச் சொன்னேன், போன தடவை தாடி ஹோல்டரில் மாட்டிக்கொண்டது.